கொடுக்க வந்தவள்

தோங்யோங்
20 நவம்பர் 2011

மியோங்ஹேவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று தெரிந்தும் கை எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை.

அத்தையை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. அத்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அம்மா, உங்களுக்கு ஈரலில் புற்று, வசந்தம் வரை தாங்காது’ என்று நீங்கள் சொன்னதற்காக உங்கள் அண்ணன் உங்களை வாசலில் வைத்துப் பேசிய பேச்சை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது எனக்குக் காரியம் ஆக வேண்டியிருக்கிறது, எழுதுகிறேன். நீங்கள் அப்படி நினைத்தால் அது சரிதான்.

உங்கள் அண்ணனுக்கு அத்தைக்கு வந்ததேதான் வந்திருக்கிறது. அறுவடைப் பண்டிகைக்கு முன்பே வயிற்றில் நீர் கட்டியது. படகில் ஏறி இறங்கவே மூச்சு வாங்கியது. சிப்பிக் கொட்டகைக்குப் போகாத நாளே இல்லாத மனிதர், நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். ஜின்ஜு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று கட்டிகள். அதில் ஒன்று பெரியது.

அந்த டாக்டர் சின்ன வயதுக்காரர், தன்மையாகப் பேசினார். ஈரலையே மாற்றினால்தான் உண்டு, ஆனால் இவர் எல்லையைத் தாண்டிவிட்டார் என்றார். எந்த எல்லை, யார் போட்டது என்று கேட்டேன். ஒரு மருத்துவக் கட்டுரையைத் திருப்பிக் காட்டினார். சியோலில் இருக்கும் ஒரு பெண் சர்ஜன் ஆராய்ந்து எழுதியது, இப்போது எல்லாரும் அதைத்தான் பின்பற்றுகிறோம் என்றார். மேலே உங்கள் பெயர். என் நாத்தனார்தான் அது என்று நான் சொல்லவில்லை. வெட்கமா பெருமையா என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் மகள் போராம் தன் ஈரலில் பாதியை அப்பாவுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறாள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார்கள். இருப்பது அவள் ஒருத்திதான். நீங்கள் போட்ட கோட்டை உங்கள் அண்ணனுக்காக நீங்களே கொஞ்சம் நகர்த்தக்கூடாதா?

நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

தொக்சுன்


சியோல்
27 நவம்பர் 2011

அண்ணி,

அந்தக் கோட்டை நான் போடவில்லை. என் கையால் ஈரல் மாற்றி, பிறகு இறந்துபோனவர்கள் போட்டது. நான் எண்ணி எழுதினேன், அவ்வளவுதான்.

தோங்யோங்காரிக்கு இதைச் சொல்வது சுலபம். கோடையில் சிப்பிக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் மிதந்து போய், எங்கோ கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாய்ச் சிப்பியைப் பிடுங்கிப் போட்டால் மிதந்து போனது திரும்பி வருமா? கட்டியும் அப்படித்தான். நாங்கள் கத்தியை எடுப்பதற்கு முன்பே சில செல்கள் ரத்தத்தில் கிளம்பிப் போயிருக்கும். புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மருந்து கொடுக்கிறோம். அந்த மருந்து உடம்பின் காவலையும் தூங்கப் பண்ணிவிடும். அப்புறம் அந்தச் செல்கள் போராம் கொடுத்த ஈரலிலேயே குடியேறும். என் பரிசோதனைக்கூடத்தில் இத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

அவை கிளம்பிவிட்டனவா இல்லையா என்பதை ரத்தத்தில் ஒரு பொருளின் அளவு ஓரளவு காட்டிக்கொடுக்கும். அண்ணனுக்கு அது மிக அதிகம். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கிற சிகிச்சை இருக்கிறது. செய்து பார்க்கலாம். அளவு இறங்கினால் மாற்றுவோம். இறங்காவிட்டால் மாட்டேன், அண்ணனே ஆனாலும்.

அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு வந்து ஈரலைக் கெடுத்த அதே வைரஸ் எனக்கும் இருக்கிறது. இல்லாவிட்டால் நானே கொடுத்திருப்பேன், போராமை யாரும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அவளையும் கூட்டி வாருங்கள். அவளைத் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்து எங்கள் ஆள் பேசுவார். கொடுக்க வருகிற எல்லாருக்கும் உண்டு.

அண்ணனுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் வேறு டாக்டர் பார்ப்பார். நான் வெளியே நிற்கிறேன்.

மியோங்ஹே


தோங்யோங்
18 டிசம்பர் 2011

மியோங்ஹேவுக்கு,

உங்கள் ஆஸ்பத்திரி நடையில் சொல்ல முடியாததெல்லாம் வீட்டுக்கு வந்ததும் வரிசையாக நினைவு வருகிறது. அதனால் பார்த்துவிட்டு வந்த பிறகும் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் அன்றைக்குப் பேசிக்கொண்டதை நான் மனதில் எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். “முடியெல்லாம் நரைச்சுப்போச்சே உனக்கு” என்றார் அவர். “உனக்கு மட்டும் என்ன, கறுகறுன்னா இருக்கு?” என்றீர்கள். அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக் கோபம் அந்த இரண்டு வாக்கியத்தில் இறங்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போது, “என் தங்கச்சி அடுத்த கட்டுரைல என்னையும் ஒரு புள்ளியா வெப்பா பாரு. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னுதான் தெரியல” என்றார். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

போராமின் ஈரலில் கொழுப்பு இருக்கிறது, உடம்பைக் குறைத்துக்கொண்டு வா என்றீர்கள் அல்லவா. அவள் பூசானில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இங்கேயே வந்துவிட்டாள். விடியும்போது நான் ஜெபத்துக்குக் கிளம்பினால் அவள் துறைமுகத்தைச் சுற்றி ஓடக் கிளம்புகிறாள். நாளெல்லாம் உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சும் முட்டைக்கோசும்தான். அவர் கேலி பண்ணுகிறார், “ஏண்டி, ஊர்ல இருக்கிற கோழியெல்லாம் உனக்குப் பயந்து படகேறிப் போயிருச்சாம்ல?” இந்த வருஷம் கிம்ச்சி ஊறுகாய் போடும்போது அவருக்கென்று உப்பு குறைத்து ஒரு சின்ன ஜாடி தனியாகப் போட்டேன். முதல் சிப்பி வந்தது. பச்சையாகச் சாப்பிடக்கூடாது என்று நீங்கள் சொன்னதால் வேகவைத்துக் கொடுத்தேன். சிப்பி வளர்க்கிறவனுக்கு வெந்த சிப்பியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போராமுக்குப் பேசிவைத்திருக்கும் பையனின் அம்மா ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்தார். நல்ல மரியாதைக்காரி. செருப்பைப் போடும்போது, “வயித்துல அவ்ளோ பெரிய தழும்போட பிள்ளை பெத்துக்க முடியுமான்னு யாரோ கேட்டாங்க. நான் கேக்கல” என்றார். போராம் உள்ளேதான் இருந்தாள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த அறையில் போராமிடம் என்ன பேசினார்கள்? கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வரும்போது கண் சிவந்திருந்தது. என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

உங்கள் கட்டுரையை நகராட்சி நூலகத்தில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. புரிந்தது என்று சொல்லமாட்டேன்.

தொக்சுன்


சியோல்
2 பிப்ரவரி 2012

அண்ணி,

நேற்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு இரண்டாவது தடவை ரத்தக்குழாயை அடைத்த பிறகு ரத்தத்தில் அந்தப் பொருளின் அளவு இறங்கிவிட்டது. கோட்டுக்குக் கீழே. நான் எதிர்பார்க்கவில்லை. என் கட்டுரைப்படியே அவருக்கு இப்போது ஈரல் மாற்றலாம்.

போராமிடமிருந்து எடுக்க முடியாது. கொழுப்பு போய்விட்டது, அது வேறு விஷயம். ஈரலின் வலது பக்கம்தான் பெரியது, அதைத்தான் எடுப்போம். இடது பக்கம் அவளிடம் மிஞ்சி, வளர்ந்து அவளைக் காப்பாற்ற வேண்டும். அவளுக்குப் பிறவியிலேயே இடது பக்கம் மிகச் சிறியது. வலதை எடுத்தால் மிஞ்சுவது அவளைத் தாங்காது. இடதைக் கொடுத்தால் அண்ணனுக்குப் போதாது. கொழுப்பு இருந்தபோது முழுப் படமும் எடுக்கவில்லை. தேவையில்லை என்று நினைத்தோம். எடுத்திருந்தால் அவளை இப்படிப் பட்டினி போட்டிருக்க மாட்டேன்.

மூளைச்சாவு அடைந்தவர்களின் ஈரலுக்காக அண்ணன் பெயரைப் பதிந்துவிட்டேன். நம் நாட்டில் அப்படிக் கொடுப்பவர்கள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். உங்களிடம் பொய்யாக நம்பிக்கை சொல்ல எனக்கு வராது.

மியோங்ஹே


தோங்யோங்
12 பிப்ரவரி 2012

மியோங்ஹேவுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இன்று ஆராதனை முடிந்து வந்து, சோறுகூட வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அச்செடுத்துப் படித்த உங்கள் கட்டுரையின் முடிவில் நீங்கள் எழுதிய மற்ற கட்டுரைகளின் பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று கொடுக்க வருகிறவர்களைப் பற்றியது. நம் மொழியிலேயே இருந்தது, அகராதி வேண்டியிருக்கவில்லை. அதில் ஒரு வரி. கொடுக்க மனமில்லாதவர்கள் தனி அறையில் அதைச் சொல்லிவிட்டால், வீட்டாரிடம் ‘உடம்பு பொருந்தவில்லை’ என்று மருத்துவக் காரணம் சொல்லி அவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

முதலில் கொழுப்பு என்றீர்கள். கொழுப்பு போனதும் அளவு என்கிறீர்கள். அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினார்கள், அழுதுகொண்டு வந்தாள். சம்பந்தியம்மா வந்து தழும்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போன அடுத்த வாரம் போராம் என்னிடம், “அம்மா, என்னோடத குடுத்தும் அப்பாவுக்குத் திரும்ப வந்துட்டா?” என்று கேட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். “ஆண்டவர் பாத்துப்பார், நீ தண்ணியக் குடி” என்றேன். அவள் எதற்காகக் கேட்டாள் என்று அன்று யோசிக்கவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதையும் யோசிப்பதில்லை.

அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் கோபப்பட மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். நான் பெற்ற பிள்ளை. அவளை அறுத்துக் கொடு என்று கேட்க எனக்கு மட்டும் வாய் வந்ததா என்ன? எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இது படத்தில் இருக்கிற காரணமா, கட்டுரையில் இருக்கிற காரணமா?

தொக்சுன்


சியோல்
17 பிப்ரவரி 2012

அண்ணி,

படத்தில் இருக்கிற காரணம். அவள் ஈரலின் இடது பக்கம் சிறியது. இதைவிடத் தெளிவாக எனக்கு எழுதத் தெரியாது.

அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்வதில்லை. ஒருத்தி நல்லபடியாகப் பேசினாள் என்பதற்காக அவளுடையதை மட்டும் சொன்னால், நான் வாய் திறக்காத மற்றவர்களெல்லாம் மாட்டேன் என்றவர்கள் ஆகிவிடுவார்கள். படத்தை வேண்டுமானால் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். தேகுவில் எனக்கு வேண்டாத டாக்டர் ஒருவர் இருக்கிறார், நான் சொன்னால் மறுத்துச் சொல்வதற்கென்றே பார்ப்பார். அவரிடமே காட்டுங்கள்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? சாகப்போகிற அம்மாவிடமே பொய் சொல்லாதவள் நான். அதற்காகத்தான் அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றார் அண்ணன். உங்களிடமா சொல்லப்போகிறேன்?

மியோங்ஹே


தோங்யோங்
4 மார்ச் 2012

மியோங்ஹேவுக்கு,

அவருக்குக் கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சளாகிவிட்டது. காலில் நீர். நேற்று என்னை ‘அம்மா’ என்று கூப்பிட்டு, படகைக் கட்டினீங்களா என்று கேட்டார். உங்கள் மருந்தைக் கொடுத்ததும் சாயங்காலம் தெளிந்தது. வெளியில் வசந்தத்து மூலிகைக்கீரை முளைத்துவிட்டதா, அதில் தட்டைமீன் போட்டு சூப் வை என்றார். வைத்தேன். மூன்று கரண்டி குடித்தார்.

தேகு டாக்டரிடம் போகவில்லை. அவரும் ஈரல் டாக்டர்தானே. நீங்கள் எழுதியதை அவரும் படித்திருப்பார். கொடுக்க மனமில்லாத ஒரு பெண் என்று அவருக்குத் தோன்றினால் அவரும் அதையேதான் சொல்வார். உங்களுக்குள் சண்டை இருந்தாலும் இந்த விஷயத்தில் ஒன்றாகத்தான் நிற்பீர்கள். நிற்கவும் வேண்டும்.

அத்தையிடம் நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் யோசித்தேன். அன்று அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் திரும்பவேயில்லை. உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். அதன் பிறகுதான் அந்தக் கட்டுரை எழுதியிருக்கிறீர்கள். வருஷத்தைப் பார்த்தேன்.

போராம் மறுபடி பூசானில் வேலைக்குப் போகிறாள், வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறாள். அப்பாவின் காலைத் தேய்த்துவிடுகிறாள். நான் அடுப்படியில் நின்று பார்க்கிறேன். நல்ல பிள்ளை என்று நினைக்கிறேன். அடுத்த நிமிஷம், எதற்காக இவ்வளவு பண்ணுகிறாள், எதை ஈடுகட்டுகிறாள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு ஜெபிக்க வருவதில்லை. கண்ணை மூடினால் அந்தக் கதவுதான்.

அந்த வரியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். எனக்கு இனிமேல் பயனில்லை. என்னைப் போல் நூலகத்தில் தேடிப் படிக்கிற இன்னொரு பெண் எங்காவது இருப்பாள்.

தொக்சுன்


சியோல்
9 மார்ச் 2012

அண்ணி,

அச்சில் வந்ததை எடுக்க முடியாது. முடிந்தாலும் எடுக்கமாட்டேன்.

அதை ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன். ஒரு மருமகளை மாமியார் வீட்டார் நான்கு பேர் சேர்ந்து கூட்டி வந்தார்கள். அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் என் வெள்ளைக் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை. வெளியே போய், ரத்தக்குழாய் பொருந்தவில்லை என்றேன். அவள் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். சின்ன ஊர்களில் புதிதாக அறுவை தொடங்குகிற டாக்டர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரிய வேண்டும் என்று எழுதினேன். வீட்டிலிருந்து யாராவது படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் கட்டுரைகளை நாங்கள் மட்டும்தான் படிப்போம் என்று நினைத்திருந்தோம்.

 போராம் சம்மதித்திருந்தாலும் படத்தைத்தான் காரணம் சொல்வேன், மறுத்திருந்தாலும் படத்தைத்தான் காரணம் சொல்வேன். நான் கட்டிய சுவர், எனக்கே கதவு வைக்கவில்லை.

அண்ணன் பெயர் வரிசையில் மேலே வந்திருக்கிறது. அதற்கு அர்த்தம் அவர் நிலைமை மோசமாகிவிட்டது என்பதுதான். நேற்று போனில் கேட்டார், எந்தப் பக்கத்துப் புள்ளி நான் என்று.  அறுவை மேசைவரை வந்தவர்களைத்தான் எண்ணியிருக்கிறேன். வராமல் போனவர்கள் என் கட்டுரைகளில் எந்தப் பக்கமும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போராமிடம் இதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். சந்தேகத்தை மட்டும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லாதீர்கள்.

மியோங்ஹே


தோங்யோங்
29 ஏப்ரல் 2012

மியோங்ஹேவுக்கு,

உங்கள் அண்ணனுடைய அடக்கத்துக்கு வந்தபோது நீங்கள் வாசற்படியில் தயங்கி நின்றதைப் பார்த்தேன். போதகர் ஜெபித்துக்கொண்டிருந்தார், நான் எழுந்து வந்து கூப்பிட முடியவில்லை. நீங்களாக உள்ளே வந்தது நல்லது. அவர் இருந்திருந்தால் ஏதாவது கேலி சொல்லியிருப்பார்.

நீங்கள் வேண்டாம் என்றதை நான் செய்துவிட்டேன்.

கொட்டகையில் இந்தப் பருவத்தின் கடைசிச் சிப்பிக் கயிறுகள் ஏறுகின்றன. ஆள் போதவில்லை. போன சனிக்கிழமை நானும் போராமும் சிப்பி உடைக்க உட்கார்ந்தோம். அவள் இன்னும் மெலிந்துதான் இருக்கிறாள், உடம்பு திரும்பவில்லை. அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் பொங்கிவிட்டது. இவள் மனதில் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு எத்தனை வருஷம் இருப்பாள், நான்தானே இறக்கிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆண்டவரே சொல்லச் சொன்னார் என்றுகூட நினைத்தேன். அதைத்தான் என்னால் இன்னும் ஜெபத்தில் சொல்ல முடியவில்லை.

“போராம், அம்மாவுக்கு உன்மேல எந்த வருத்தமும் இல்லம்மா. நீ அன்னைக்கு உள்ள என்ன சொல்லியிருந்தாலும் சரிதான்” என்றேன்.

“உள்ளயா? எங்க உள்ள?”

“ஆஸ்பத்திரில. அந்த ரூம்ல.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கையில் பாதி திறந்த சிப்பி இருந்தது. அதை முழுசாகத் திறந்து, சதையை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, பிறகுதான் நிமிர்ந்தாள்.

“நான் குடுக்கமாட்டேன்னு சொன்னேன்னு நினைச்சியா?”

நான் அடுத்த சிப்பியை எடுத்தேன்.

“அப்பா கால நான் தேச்சுவிட்டப்ப எல்லாம், அப்படித்தான் பாத்துக்கிட்டு நின்னியா?”

அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மியோங்ஹே. படமும் வேண்டாம், தேகு டாக்டரும் வேண்டாம். நான் பெற்ற முகம். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், எதிரே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

கையுறையைக் கழற்றினாள். “உனக்கு ஏதாவது ஆயிட்டா உங்கம்மாவ யாரு பாத்துப்பான்னு அந்த ரூம்ல பேசின அக்கா கேட்டாங்க. அதுக்குத்தான் அழுதேன்” என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. குழாயில் கையை நன்றாகக் கழுவினாள். நாற்றம் போகிறவரை கழுவினாள். பூசான் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

போன் பண்ணினால் எடுக்கிறாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்கிறாள். மரியாதையாகப் பேசுகிறாள், சம்பந்தியம்மாவிடம் பேசுவதைப் போல. நேற்று, “அம்மா உன்னை முழுசா நம்புறேன்” என்றேன்.  “சரிம்மா. நீ நல்லதுக்குத்தான் சொல்ற, எனக்குத் தெரியும்” என்றாள்.

நான் நம்புகிறேன் என்பது உண்மை. அது மனம் நோகாமலிருக்க நான் சொல்கிற காரணம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இனி நான் என்ன சொன்னாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள். இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்பதை எந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்று உங்களிடம் கேட்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். உங்களுக்கும் தெரியாது என்று எழுதும்போதே நினைவு வந்துவிட்டது.

அவருக்கென்று உப்பு குறைத்துப் போட்ட கிம்ச்சி பாதி ஜாடி அப்படியே இருக்கிறது. நான்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். புளித்துவிட்டது.

தொக்சுன்